காப்புக் கட்டுவதற்கு முந்தின நாள்

ரங்கூனில் மழைக்காலம் தொடங்க இரண்டு நாள் இருக்கும்போதே என் வலது முழங்கால் அதைச் சொல்லிவிடும். பேரப்பிள்ளைகள் அதை வைத்து என்னைக் கேலி செய்வார்கள். கொடியில் காயும் துணியை எடுக்கலாமா என்று தெரிந்துகொள்ள மருமகள் வானத்தைப் பார்ப்பதில்லை, நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் என்னைத்தான் எட்டிப் பார்க்கிறாள். நானும் சிரித்துவைக்கிறேன். அந்த முழங்காலுக்கு ஒரு சொந்தக்காரன் இருந்தான் என்று அவர்களிடம் இதுவரை நான் சொன்னதில்லை. சொல்லாமலே போய்ச்சேர்ந்துவிடுவேனோ என்று இந்த வருடம் பயம் வந்துவிட்டது. அதனால் எழுதுகிறேன்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளில் நானும் அவனும் ஒரே கல்லூரியில் படித்தோம். அமெரிக்கப் பாதிரிமார்கள் நடத்திய கல்லூரி அது. என் அப்பா முனிசிபாலிட்டியில் குமாஸ்தா. கியாக்டடாவில், சூலே கோபுரத்தின் மணிச்சத்தம் கேட்கும் தூரத்தில், இரண்டாம் மாடியில் எங்கள் வீடு. அவனுடைய அப்பா துறைமுகத்தில் பாரம் தூக்கும் கூட்டத்துக்கு மேஸ்திரியாக இருந்து, கப்பலில் அடிபட்டு இறந்துபோனவர். அம்மா பர்மாக்காரி. பசுண்டாங் கால்வாய்க்கு அக்கரையில், தாகேதா பக்கம், சதுப்பு நிலத்தில் நட்ட மூங்கில் கால்களின் மேல் நின்ற வீட்டில் அவனையும் இரண்டு தங்கைகளையும் மொஹிங்கா என்னும் மீன்குழம்புச் சேமியா விற்று வளர்த்தாள். அவன் தினமும் சம்பான் படகில் கால்வாயைக் கடந்து, கடைத்தெருக்களைக் கடந்து, நடந்தே கல்லூரிக்கு வருவான். படிப்பில் என்னைவிட மோசம். கால்பந்தில் என்னைவிடக் கெட்டிக்காரன். எவ்வளவு கெட்டிக்காரன் என்பதை மற்றவர்களைவிட நான் நன்றாக அறிவேன். ஏனென்றால் அவனுக்குப் பக்கத்தில் நின்று மூன்று வருடம் ஆடியவன் நான்.

அந்தக் காலத்தில் எங்களில் பெரும்பாலானவர்கள் வெறுங்காலில்தான் ஆடுவோம். கணுக்காலில் துணியை இறுக்கிச் சுற்றிக்கொள்வதோடு சரி. வெள்ளைக்காரர்கள் பூட்ஸ் போட்டு வருவார்கள். சேறு நிறைந்த மைதானத்தில் பூட்ஸ்காரர்கள் தொபுக்கென்று விழுந்துகொண்டிருக்க, இவன் வெறும் பாதத்தால் பந்தைத் தட்டிக்கொண்டு நடுவில் போய்விடுவான். அவனுக்குப் பூட்ஸ் ஒருநாளும் ஒத்துவந்ததில்லை. ஒருமுறை இரவல் பூட்ஸைப் போட்டுக்கொண்டு ஆடிவிட்டு, "பந்து எங்க இருக்குன்னே கால் சொல்ல மாட்டேங்குதுடா" என்று கழற்றி எறிந்தான். நான் கல்லூரி அணியின் தலைவன். தலைவன் என்றால், ஆங்கிலம் நன்றாகப் பேசுகிறவன் என்று அர்த்தம்.

அப்போது ரங்கூனில் பெரிய கம்பெனிகளுக்கெல்லாம் சொந்தமாகப் பந்தாட்ட அணிகள் இருந்தன. மழைக்காலம் முழுக்க ஆட்டம்தான். நல்ல ஆட்டக்காரன் கிடைத்தால் அவனைக் குமாஸ்தாவாகச் சேர்த்துக்கொள்வார்கள். காலையில் வருகைப் புத்தகத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு மைதானத்துக்குப் போய்விடலாம். சம்பளம் மற்ற குமாஸ்தாக்களுக்கு உள்ளது போலவே வரும். ஆட்டக்காரக் குமாஸ்தா என்று ஆபீஸில் சிலர் நக்கலாகச் சொல்வார்கள். வெளியே அதே ஆட்கள் அவனோடு நின்று டீ குடிக்கத் துடிப்பார்கள். ஆற்றோரத்து மரக் கம்பெனி ஒன்றில் முன்வரிசையில் ஒரு இடம் காலியாகப் போகிறது என்று நாங்கள் கடைசி வருடம் படிக்கும்போது பேச்சு வந்தது. ஒரே ஒரு இடம். அது அவனுக்குக் கிடைத்தால் அவன் அம்மா மொஹிங்கா பானையை இறக்கி வைத்துவிடலாம். எனக்குக் கிடைக்காவிட்டால் அப்பா முனிசிபாலிட்டியில் யாரிடமாவது சொல்லி ஒரு நாற்காலி போட்டுவிடுவார். இந்த வித்தியாசம் எனக்குத் தெரியாது என்று நான் ஒருநாளும் சொல்லிக்கொள்ள முடியாது.

எங்களுக்கு ஓர் அமெரிக்கப் பேராசிரியர் இருந்தார். பௌதிகம் நடத்துவார். அவர் மேஜை மேல் ஒரு புகைப்படம் இருக்கும். தலையில் தோல் குல்லா மாட்டிய பதினொரு பையன்கள், நடுவில் முட்டை வடிவத்தில் ஒரு பந்து. அதில் ஒருவர் அவர். அவருடைய ஊரில் கல்லூரிப் பையன்கள் ஆடும் ஆட்டத்துக்குத்தான் கூட்டமாம். படிப்பை முடித்த பிறகு கூலிக்கு ஆடப் போகிறவர்களைக் கொஞ்சம் மட்டமாகவே பார்ப்பார்களாம். அந்தப் படத்தில் ஒருவன் மட்டும் அப்படிப் போனான் என்று விரலால் காட்டுவார். கல்லூரியில் அவனைத் தோளில் தூக்கிக்கொண்டு போன ஊர்க்காரர்கள், அவன் கூலிக்கு ஆடிய முதல் ஆட்டத்தைப் பார்க்கவே வரவில்லையாம். "ஆனால் அவன் சந்தோஷமாக இருந்தான்" என்று முடிப்பார். நாங்கள் இருவரும் அதைக் கேட்டுவிட்டு வெளியே வந்து, நம் ஊரில் கூலிக்கு ஆடினால்தான் மரியாதை, அமெரிக்காக்காரனுக்கு ஒன்றும் தெரியவில்லை என்று சிரித்துக்கொள்வோம்.

ஒரு மழை நாள் சாயங்காலம் பேராசிரியர் அந்த முட்டைப் பந்தையே எடுத்துக்கொண்டு மைதானத்துக்கு வந்துவிட்டார். தன் ஊர் ஆட்டத்தை எங்களுக்குக் கற்றுக் கொடுக்க வேண்டும் என்று அவருக்குத் திடீர் ஆசை. பந்தைக் கையில் அணைத்துக்கொண்டு ஓட வேண்டும், எதிராளி இடுப்புக்குக் கீழே பாய்ந்து கட்டிப் பிடித்துக் கீழே தள்ள வேண்டும். காலால் ஆடும் ஆட்டத்தில் கையையும், கையால் ஆடும் ஆட்டத்தில் தோளையும் போட்டு ஏதோ செய்தோம். எல்லோருக்கும் ஒரே சிரிப்பு. பந்து என் கையில் இருந்தது. ஓடினேன். அவன் பக்கவாட்டிலிருந்து பாய்ந்து என் இரண்டு கால்களையும் சேர்த்துப் பிடித்தான். வலது பாதம் சேற்றில் புதைந்து நின்றுவிட்டது, உடம்பு மட்டும் திரும்பியது. முழங்காலுக்குள் ஈரத்துணி கிழிவது போல ஒரு சத்தம் கேட்டது.

அவன் என்னைத் தூக்கிக்கொண்டே மாட்டு வண்டிவரை போனான். வழியெல்லாம் அழுதான். வலித்தது எனக்கு, அழுதது அவன். எனக்கு எரிச்சலாகக்கூட இருந்தது. பசுண்டாங்கில் எலும்பு கட்டும் பர்மாக்காரக் கிழவரிடம் கொண்டுபோனான். அவர் பச்சிலையை அரைத்துப் பூசி, மூங்கில் பிளாச்சு வைத்துக் கட்டி, இரண்டு மாதம் அசையக் கூடாது என்றார். ஆட முடியுமா என்று கேட்டதற்கு, நடந்தால் போதாதா என்று திருப்பிக் கேட்டார்.

அவன் மறுநாளே ஆற்றோரத்து மாரியம்மன் கோயிலுக்குப் போய், என் கால் குணமாகி நான் மறுபடி ஆடினால் பங்குனியில் தீ மிதிப்பதாக வேண்டிக்கொண்டுவிட்டான். அப்பா வழி அம்மன் அவனுக்கு. அம்மா வழி புத்தர். அவனுடைய அம்மாவும் தன் பங்குக்கு ஊரின் பெரிய புத்தர் கோபுரத்தில் எனக்காக மெழுகுவர்த்தி ஏற்றினாள். பிறகு வீட்டுக்கு வந்து என் தலைமாட்டில் உட்கார்ந்து, "தா, நல்லா போகும், நல்லா போகும்" என்று தனக்குத் தெரிந்த தமிழில் சொன்னாள். 'தா' என்றால் மகன். இரண்டு மாதமும் அவன் தினம் வந்தான். பாடக் குறிப்புகளைப் படித்துக் காட்டுவான். அவன் படித்தால் எனக்கே புரியாது, அதற்காகவும் சிரிப்போம். மார்கழியில் நான் நடந்தேன். தை மாதம் ஓடினேன். மாசியில் பந்தை உதைத்தபோது அவன் மைதானத்தின் நடுவில் கும்பிட்டுத் தரையில் விழுந்தான்.

கம்பெனி அணிக்கு ஆள் எடுப்பதைக் கவனித்த துரை எங்கள் இருவரையும் பார்த்திருந்தார். சித்திரையில் தண்ணீர்த் திருவிழா முடிந்ததும் இருவரையும் மைதானத்துக்கு அழைத்து ஆடவிட்டுப் பார்க்கிறேன், ஒருவரை எடுத்துக்கொள்கிறேன் என்று சொல்லியிருந்தார். தீமிதி பங்குனிக் கடைசியில். இரண்டுக்கும் நடுவில் மூன்று வாரம். தீயில் பாதம் கொஞ்சம் பொத்துப்போனாலும் அதற்குள் ஆறிவிடும் என்று அவன் கணக்குப் போட்டிருந்தான். பரீட்சை நேரத்தில் விரதம் எதற்கு, அடுத்த வருடம் மிதிக்கலாமே என்று அவன் தங்கைகள் கேட்டதற்குக் கோயில் பூசாரியும் தலையாட்டினார். காப்புக் கட்டும்வரை அது மனுஷன் பேச்சு, தள்ளிப்போடலாம். மஞ்சள் கயிறு கையில் ஏறிவிட்டால் அது அம்மன் பேச்சு, பிறகு தீயில் இறங்கித்தான் அவிழ்க்க வேண்டும் என்றார். நானும் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

காப்புக் கட்டு ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம். அதற்கு முந்தின நாள், வியாழக்கிழமை மத்தியானம், துரை என்னைக் கம்பெனிக்குக் கூப்பிட்டனுப்பினார். வெயில் பொறுக்கவில்லை, திருவிழாவுக்கு முன்னாலேயே மேமியோ மலைக்குப் போகப் போகிறேன், அதனால் ஆட்டத்தை முன்கூட்டியே வைத்துவிட்டேன் என்று சொல்லி ஒரு செவ்வாய்க்கிழமையைக் குறிப்பிட்டார். தீமிதி ஞாயிற்றுக்கிழமை. அதற்கு அடுத்த செவ்வாய். அந்த இன்னொரு பையனிடமும் சொல்லிவிடு, அவன் வீடு எங்கோ அக்கரையில் இருக்கிறதாமே என்றார். சொல்லிவிடுகிறேன் என்றேன்.

கம்பெனி வாசலிலிருந்து பசுண்டாங் படித்துறைக்கு நடந்தே போனேன். நல்ல எண்ணத்தோடுதான் போனேன் என்று நினைக்கிறேன். படித்துறையில் சம்பான்காரன் ஏறுகிறாயா என்று கேட்டான். நான் நின்றுகொண்டே இருந்தேன். இவன் வந்தால் துரைக்கு என்னைத் திரும்பிப் பார்க்கக்கூட அவசியம் இருக்காது என்ற நினைப்பு அப்போதுதான் தெளிவாக வந்தது. முழங்கால் ஒன்றும் பழைய முழங்கால் இல்லை. இந்த வருடம் விட்டால் எனக்கு இனி இல்லை. நாளைக் காலையில் சொல்லிக்கொள்ளலாம் என்று திரும்பி வந்துவிட்டேன். சம்பான்காரன் என் முதுகுக்குப் பின்னால் ஏதோ முணுமுணுத்தான். காலையில் எழுந்ததும், சாயங்காலம் கோயிலில் பார்க்கத்தானே போகிறோம் என்று தோன்றியது. நாளைக் கடத்துவதற்கு எனக்கு இவ்வளவு திறமை இருக்கும் என்று அதுவரை எனக்கே தெரியாது.

கோயிலில் மஞ்சள் வேட்டி கட்டி, ஈரத்தலையோடு வரிசையில் நின்றான். என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்து பக்கத்தில் இழுத்து நிறுத்திக்கொண்டான். அவனுக்கு முன்னால் ஆறு பேர் இருந்தார்கள். ஆறு பேருக்குக் கயிறு கட்டி முடிக்கிற நேரம் எனக்கு இருந்தது. ஒரே ஒரு வாக்கியம். "செவ்வாய்க்கிழமை வச்சிட்டாங்கடா." அதைச் சொல்ல மூச்சுகூட வேண்டாம். அவன் முறை வந்தபோது பூசாரி கையை நீட்டினார். தாம்பாளம் எனக்குப் பக்கத்தில் இருந்தது. மஞ்சள் கயிற்றை எடுத்து நானே அவரிடம் கொடுத்தேன்.

கட்டிய பிறகு, இனிச் சொல்லி என்ன பிரயோசனம், அவன் மனம்தான் கலங்கும் என்று எனக்கு நானே இரக்கம் காட்டிக்கொண்டேன்.

அடுத்த ஒன்பது நாளும் அவன் விரதம் இருந்தான். அம்மாவின் கடைப் பக்கம் போனால் மீன் வாசனை அடிக்கிறதென்று மூக்கைப் பொத்திக்கொண்டு, வாசனைக்கும் விரதம் உண்டா என்று பூசாரியைக் கேட்டுத் திட்டு வாங்கினான். ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் குண்டத்தைச் சுற்றிக் கூட்டம். தமிழர்கள், பர்மாக்காரர்கள், வேடிக்கை பார்க்க வந்த சீனர்கள். அவன் வேப்பிலையைக் கையில் பிடித்துக்கொண்டு இறங்கினான். நடுவில் ஒரு கணம் நின்றான். அது எல்லோருக்கும் தெரிந்தது. பிறகு நடந்து பால் குழியில் இறங்கி, வெளியே வந்து உட்கார்ந்துவிட்டான். இரண்டு பாதமும் கொப்பளித்துவிட்டன. விரதத்தில் ஏதோ குறை, பர்மாக்காரி வீட்டுச் சாப்பாடு, வேறென்ன என்று இரண்டு பேர் என் காதுபடப் பேசினார்கள். அவன் அம்மா வெற்றிலை எச்சிலைத் துப்பிவிட்டு, அவர்களைப் பர்மா பாஷையில் நன்றாக ஏசினாள்.

செவ்வாய்க்கிழமை காலையில் சம்பான் ஏறி அவன் வீட்டுக்குப் போனேன். பாதங்களில் வாழைப்பட்டை கட்டி, சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். துரை திடீரென்று இன்றைக்கே வரச் சொல்லிவிட்டார், எனக்கே நேற்றுச் சாயங்காலம்தான் தெரியும் என்று சொன்னேன். அந்தப் பொய்யை வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டே போயிருந்ததால் திக்காமல் வந்தது. அவன் சுவரைப் பிடித்து எழுந்தான். இரண்டு அடி வைத்தான். உதட்டைக் கடித்துக்கொண்டு மறுபடி உட்கார்ந்தான். பிறகு மூலையில் தொங்கிய பையிலிருந்து தன் கணுக்கால் துணிகளை எடுத்து என் மடியில் வைத்தான்.

"நீ போடா. ஒன் முழங்கால் என் நேர்ச்சைக் கால். ரெண்டு பேருக்கும் சேத்து ஆடிட்டு வா."

அவனுடைய துணியைச் சுற்றிக்கொண்டுதான் ஆடினேன். நன்றாகவே ஆடினேன், அதையும் சொல்லிவிட வேண்டும். துரை, இன்னொரு பையன் எங்கே என்று கேட்டார். கோயிலில் நெருப்பில் நடந்து பாதத்தைச் சுட்டுக்கொண்டுவிட்டான் என்றேன். துரை வாய்விட்டுச் சிரித்துவிட்டு, ஆட்டம் இருப்பது தெரிந்தும் தள்ளிப்போட மாட்டானா என்றார். அப்போதும் ஒரு வழி இருந்தது. மலையிலிருந்து திரும்பும்வரை பொறுங்கள், அவனையும் பாருங்கள் என்று சொல்லியிருக்கலாம். "அவர்கள் அப்படித்தான், ஐயா" என்றேன். அவர்கள் என்றேன்.

மூன்று மழைக்காலம் அந்த அணிக்கு ஆடினேன். புத்தகத்தில் கையெழுத்து, பிறகு மைதானம், ஆட்ட நாளில் ஆயிரம் குடைகள். என்னைத் தெரியாத தமிழன் ரங்கூனில் இல்லை என்று அப்பா நம்ப ஆரம்பித்திருந்தார். அவன் கால்வாயோரத்து நெல் ஆலையில் மூட்டை எண்ணும் வேலைக்குப் போனான். காலையிலிருந்து இருட்டும்வரை வேலை. ஆட்டப் பயிற்சிக்கு எங்கே போவது? பாதம் ஒரு மாதத்தில் ஆறிவிட்டது. ஆனால் கல்லூரியை விட்டு வந்தவனை யாரும் தேடிப் போய்க் கூப்பிடவில்லை. மற்றக் கம்பெனிகள் அந்த வருடத்துக்கு ஆள் எடுத்து முடித்திருந்தன. அடுத்த வருடம் புதுப் பையன்கள் வந்துவிட்டார்கள்.

அவன் என்மேல் பொறாமைப்பட்டிருந்தால் எனக்கு எவ்வளவோ சௌகரியமாக இருந்திருக்கும். என் ஆட்டம் ஒன்றையும் அவன் தவறவிடவில்லை. ஆலையில் கெஞ்சிக் கூத்தாடி முன்னதாகக் கிளம்பி வந்து, தவிட்டுத் தூசி படிந்த லோஞ்சிக் கைலியோடு கோல் கம்பத்துக்குப் பின்னால் நிற்பான். நான் கோல் போட்டால் பக்கத்தில் நிற்பவனைப் பிடித்து உலுக்குவான். "அந்த முழங்கால் யாருதுன்னு நெனச்சே? என்னோடது. நான் தீ மிதிச்சு வாங்கின கால்." மைதானத்துக்குள் எனக்குக் கேட்கும். சிலர் அவனுக்கு டீ வாங்கிக் கொடுப்பார்கள். சில ஆட்டங்களில் நான் அந்தக் கோல் பக்கம் போகாமலேயே ஒதுங்கி ஆடினேன். எனக்கு ஆட்டம் வற்றிவிட்டது என்று துரை நினைத்தார்.

ஒருமுறை மனம் கேட்காமல், அவனுக்கும் ஓர் இடம் கொடுங்கள் என்று துரையிடம் கேட்டேன். மூன்று வருடம் ஆடாதவனை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்றார். அவர் சொன்னதில் தப்பில்லை.

நாலாவது மழைக்காலத்தில், யாரும் என்னைத் தொடாமலேயே, பந்தை நோக்கித் திரும்பும்போது முழங்கால் போய்விட்டது. அதே சத்தம். கயிற்றைத் தாண்டி முதலில் ஓடி வந்தவன் அவன்தான். மறுபடி என்னைத் தூக்கினான். எடை கூடிவிட்டேன், மூச்சு வாங்கினான். கிழவர் இறந்துபோயிருந்தார், அவர் மகன் கட்டினான். கட்டி முடித்து எல்லோரும் போன பிறகு அவன் மட்டும் என் கால்மாட்டில் உட்கார்ந்திருந்தான்.

"என் தப்புடா," என்றான். "அன்னிக்கி என் கால் சுட்டுச்சில்ல. நேர்ச்சை ஒழுங்கா சேரல. அதான் அம்மன் திருப்பி எடுத்துக்கிட்டா."

அப்படியெல்லாம் இல்லை என்றேன். அவன் கேட்கவில்லை. இத்தனை வருடமாகச் சொல்லாத ஒன்று இருக்கிறது என்றான்.

"காப்புக் கட்டி நாலாம் நாளு, சம்பான்ல வரும்போது ஒரு நெனப்பு வந்துச்சு. இவன் கால் சரியாகாமயே இருந்திருந்தா அந்த எடம் எனக்குத்தானேன்னு. ஒரு நிமிஷந்தான். கையில கயிறோட அப்படி நெனச்சிட்டேன். குண்டத்துக்கு நடுவுல அது ஞாபகம் வந்துச்சு, நின்னுட்டேன். அதான் சுட்டுச்சு. என்னை மன்னிச்சிடுடா."

அவன் என் கட்டுப் போட்ட காலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். நான் காலை இழுத்துக்கொள்ளப் பார்த்தேன், கட்டு விடவில்லை. வரும் பங்குனியில் மறுபடி தீ மிதிக்கிறேன், இந்தத் தடவை மனசைச் சுத்தமாக வைத்துக்கொள்கிறேன் என்றான். நான் அப்போதும் சொல்லவில்லை. கேவலம் என்ற சொல்லுக்கு அன்றைக்குத்தான் எனக்கு அர்த்தம் தெரிந்தது.

மழை முடிந்தது. கம்பெனியில் என்னை நிஜக் குமாஸ்தாவாக்கி ஒரு மேஜையில் உட்கார வைத்தார்கள். கோலூன்றி நடந்தேன். மாசி போனது. பங்குனியில் காப்புக் கட்டும் வெள்ளிக்கிழமைக்கு முந்தின நாள், அதே வியாழக்கிழமை, ஆபீஸிலிருந்து பசுண்டாங் படித்துறைக்குப் போனேன். இந்தத் தடவை சம்பானில் ஏறினேன். அவன் கையில் கயிறு ஏறுவதற்கு முன்னால், அவன் இஷ்டப்பட்டால் தள்ளிப்போடவும் விட்டுவிடவும் வழி இருக்கும்போதே, சொல்லிவிட வேண்டும் என்று தீர்மானித்திருந்தேன்.

ஆலையிலிருந்து வந்து, வீட்டுப் படியில் உட்கார்ந்து கால் கழுவிக்கொண்டிருந்தான். நான் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். துரை கூப்பிட்டது, படித்துறைவரை வந்து திரும்பிப் போனது, செவ்வாய்க்கிழமைப் பொய், "அவர்கள்" என்றது, எல்லாம். ஒன்றையும் மழுப்பவில்லை. அவன் தண்ணீர்ச் சட்டியைக் கீழே வைத்தான்.

"துரை உங்கிட்ட என்னைக்குச் சொன்னாரு?"

"வியாழக்கிழமை."

"வெள்ளிக்கெழமை என் பக்கத்துலதான நின்னே."

"ஆமா."

"கயித்தை நீதான எடுத்துக் குடுத்தே."

"ஆமா."

கோபப்படுவான் என்று எதிர்பார்த்து வந்திருந்தேன். அடித்தால் வாங்கிக்கொள்வது என்றுகூட நினைத்திருந்தேன். அவன் தன் பாதங்களைப் பார்த்துக்கொண்டிருந்தான். வீட்டுக்குள்ளிருந்து அவன் அம்மா, "தா, சாப்பிட்டுப் போ" என்று குரல் கொடுத்தாள். என்னைத்தான் கூப்பிட்டாள். அவன் எழுந்து என் கோலை எடுத்துக் கையில் கொடுத்து, சம்பான் நிற்கிறது, போ என்றான்.

மறுநாள் அவன் காப்புக் கட்டிக்கொண்டான் என்று கேள்விப்பட்டேன். நான் கோயில் பக்கம் போகவில்லை. ஒன்பது நாளும் போகவில்லை. ஞாயிற்றுக்கிழமை மட்டும் இருப்புக் கொள்ளாமல் போய்க் கூட்டத்துக்குப் பின்னால் நின்றேன். அவன் இறங்கினான். இந்தத் தடவை நடுவில் நிற்கவில்லை. அவசரமும் படவில்லை. பால் குழியில் இறங்கி ஏறி வந்து பாதத்தைத் தூக்கிக் காட்டினான். ஒரு கொப்பளம் இல்லை. கூட்டம் ஆரவாரித்தது. அன்றைக்கு அவனைக் குறை பேசினவர்களே போய் அவன் காலில் விழுந்தார்கள்.

அவன் குனிந்து குண்டத்தின் ஓரத்தில் ஆறிப்போன சாம்பலைக் கையில் அள்ளிக்கொண்டான். கூட்டத்தை விலக்கிக்கொண்டு நேராக என்னிடம் வந்தான். நான் இருப்பது அவனுக்கு எப்படித் தெரியுமோ. மண்டியிட்டு, என் வேட்டியை ஒதுக்கி, முழங்கால் முழுக்க அந்தச் சாம்பலைப் பூசினான். பழைய பிரியத்தோடு, எங்கே வலிக்கும் என்று தெரிந்தவனாக, மெதுவாகப் பூசினான்.

"நேர்ச்சை தீந்துது," என்றான்.

பிறகு அவன் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு படித்துறைப் பக்கம் நடந்துபோனான். அதற்கப்புறம் அவன் கால்வாயைக் கடந்து எங்கள் வீட்டுக்கு வரவில்லை. நான் இரண்டு முறை போனேன், இரண்டு முறையும் வீட்டில் இல்லை என்று தங்கை சொன்னாள். அவன் லோஞ்சி கொடியில் ஈரம் சொட்டிக்கொண்டிருந்தது. மூன்றாவது முறை போகும் துணிவு எனக்கு வரவில்லை.

கால் குணமாகிவிட்டது. ஆடத்தான் முடியவில்லை, கோலைப் போட்டுவிட்டு நன்றாக நடக்க ஆரம்பித்தேன். நெல் ஆலையில் வேலை செய்த ஒருவரை வெகுநாள் கழித்துக் கடைத்தெருவில் பார்த்தபோது, அவனைப் பற்றி விசாரித்தேன். நன்றாக இருக்கிறான், சாயங்காலங்களில் ஆலைப் பையன்களுக்குப் பந்து கற்றுக் கொடுக்கிறான் என்றார். என்னைப் பற்றி ஏதாவது சொல்வானா என்று கேட்டேன். முன்பெல்லாம் எந்நேரமும் ஒரு முழங்கால் கதை சொல்லிக்கொண்டிருப்பான், இப்போது பையன்கள் கேட்டால்கூட அப்படி ஒரு கால் தன்னிடம் இருந்ததில்லை என்று சொல்லிவிடுகிறான் என்றார் அவர்.